கீழே போடுகிற வேலை

டோரதி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஓர் அட்டைப் பெட்டியில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் எனக்கு வேலை கிடைத்த முதல் நாள் அது. பேக்கிங் சோதனைக்கூடம். மருந்து புட்டி, கண்ணாடி லென்ஸ், மிக்ஸி ஜார் என்று உடையக்கூடியவை எல்லாம் பெட்டிக்குள் உட்கார்ந்து எங்களிடம் வரும். நாங்கள் அவற்றை உயரத்திலிருந்து கீழே போடுவோம். தட்டையாக விழப் போடுவோம், விளிம்பில் விழப் போடுவோம், மூலை குத்தி விழப் போடுவோம். உள்ளே இருப்பது பிழைத்தால் பெட்டி தேறியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று அரசாங்கம் கொடுத்த சான்றிதழை இன்னமும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அன்று மதியம் ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"என்னா வேலைடா குடுத்திருக்காங்க?"

"பொட்டியக் கீழ போடுற வேலைம்மா."

"அதுக்காடா இன்ஜினீயருக்குப் படிச்ச? நம்ம வூட்லயே அதத்தானே செஞ்சினு இருந்த!"

பெட்டியில் காது வைத்திருந்த அம்மையாருக்கு அது கேட்டுவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஐம்பதைத் தொடும் வயது, வெளுத்த காட்டன் சுடிதார், கழுத்தில் நூல் போன்ற சங்கிலியில் சின்னச் சிலுவை, காலில் ஆம்பளைகள் போடுகிற கனத்த சேஃப்டி ஷூ.

"அம்மா கரெக்டாத்தான் கேக்குறாங்க. வா தம்பி, உன் படிப்பப் பாக்கலாம். இதைப் போடு."

ஊறுகாய் ஜாடிகள் அடுக்கிய பெட்டி. மேடையில் ஏற்றி, பிடியை விடுவிக்கிற விசையில் கை வைத்தேன்.

"சொல்லாம விடக் கூடாது. 'விடுறேன்'னு கத்தணும். கீழ யார் காலாவது இருக்கும் இல்ல?"

கத்தினேன். என் குரல் கூடத்தின் தகரக் கூரை வரை போய்த் திரும்பியது. பெட்டி விழுந்தது. பக்கத்தில் இருந்த பையனிடம் கத்தியைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்க ஒரு வழக்கம் இருக்கு. போட்டவங்கதான் பிரிக்கணும். போடுறது ஒருத்தர், பாக்குறது ஒருத்தர்னா, போடுற கைக்குப் பயமே இருக்காது."

பிரித்தேன். ஒரு ஜாடி விரிசல் விட்டு எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. ஏதோ நானே ஒருவர் வீட்டுச் சாப்பாட்டைக் கொட்டிவிட்டதுபோல் வெட்கமாக இருந்தது. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்காவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

டோரதி அக்கா காக்ஸ் டவுன்காரர். பி.யூ.சி. முடித்ததும் இதே கம்பெனியில் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சோதனைக்கூடத்துக்குள் வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா ரத்தினம்மாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காக்ஸ் டவுனில் இன்றைக்குப் பாட்டியாகிவிட்ட பெண்கள் பலரையும் மணல் குழியில் ஹைஜம்ப் குதிக்க வைத்தவர் அவர்தான்.

"பி.டி. டீச்சர் பொண்ணுன்னு பேரு. நான் ஒரு தடவகூட அந்தக் குச்சியத் தாண்டுனதில்ல தம்பி. ஓடி வருவேன், குச்சிகிட்ட வந்ததும் நின்னுடுவேன். மம்மி விசில் ஊதி ஊதி அலுத்துப் போயி, 'நீ போய் ஸ்கோர் எழுது'ன்னுடுவாங்க."

விழப் பயந்த அந்தப் பெண்ணுக்குத்தான் விழுவதைப் பார்க்கிற வேலை வாய்த்தது.

எங்களிடம் ஒரு காமிரா உண்டு. கண் இமைப்பதற்குள் முடிந்துபோகிற விழுதலை அது பிடித்து, நீட்டி நீட்டிக் காட்டும். அதை இயக்குபவன் தேஜஸ், துமகூர்க்காரன், என் வயது. சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியானதும் அக்கா தன் பையிலிருந்து எதையாவது எடுப்பார். மட்டை உரிக்காத தேங்காய், விளாம்பழம், நத்தைக் கூடு, ராமநகரத்துச் சந்தையிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பட்டுக்கூடு.

"மேடம், இவத்து ஏனு ஊட்டா?" என்பான் தேஜஸ். இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்கிறானாம்.

"சும்மா இருடா. லைட்டப் போடு."

நாங்கள் மூன்று பேரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்போம். பட்டுக்கூடு விழுந்து, ஒரு பக்கம் குழிந்து, பெருமூச்சு விட்டதுபோல் நிமிரும். விளாம்பழம் நிமிராது, கோபக்காரன்போல் ஒரே அடி, ஓட்டில் ஒரே கீறல். தேங்காயின் நார் அடியைத் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பதற்கு ஒன்றும் சொல்லாது. எதற்கு இதெல்லாம் என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்குன்னா? நாம ஃபோமை வெட்டி ஒட்டினு இருக்கோம். இதுங்க எல்லாம் எப்பவோ செஞ்சு முடிச்சிட்டு மரத்துல தொங்கினு இருக்கு. பாக்க வேணாமா?"

அந்த வருடம் மழைக்காலம் தொடங்கும்போது அக்கா ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. வந்தபோது பையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் விளக்கைப் போடச் சொல்லவில்லை. தேஜஸ் கேட்டதற்கு, "மம்மி விழுந்துட்டாங்க" என்றார்.

பால் பாக்கெட் எடுக்கப் போனவர் கேட்டருகே வழுக்கியிருக்கிறார். மணிக்கட்டு முறிந்தது. டாக்டர் இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தொடையெலும்பின் தலையைப் பேனா முனையால் சுட்டியிருக்கிறார். எலும்பு உள்ளே கெட்டியாக இருக்காது. பஞ்சுபோல் துளைகள், அவற்றுக்கு நடுவே பாரம் போகிற பாதையில் மெல்லிய வரிகள். ரத்தினம்மாளுக்கு அந்த வரிகள் பாதிக்குமேல் கரைந்துவிட்டிருந்தன. 'இந்தத் தடவை கை. அடுத்த தடவை இடுப்பா இருந்தா எழுந்து நடக்கிறது கஷ்டம்' என்றாராம்.

அன்றிலிருந்து டோரதி அக்கா வேலைக்குக் கிளம்பும்போது கேட்டை வெளியிலிருந்து பூட்டத் தொடங்கினார். அடுத்த வீட்டு லட்சுமம்மாவிடம் இன்னொரு சாவி. மதியம் அவர் திறந்து போய்ச் சாப்பாடு போட்டுவிட்டு மறுபடி பூட்டிவிட வேண்டும்.

கணினியில் ஏதோ சரிசெய்து தரச் சொல்லி அக்கா கேட்டிருந்தார். ஒரு சனிக்கிழமை நானும் தேஜஸும் அவர் வீட்டுக்குப் போனோம். அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். கேட்டில் பூட்டு தொங்கியது. கம்பிகளுக்குப் பின்னால், கையில் மாவுக்கட்டும் கழுத்தில் விசிலுமாக, நிமிர்ந்த முதுகோடு ஒரு கிழவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆரஞ்சு நிறப் பூனை.

"யாரு? டோரி ஆபீஸ் பசங்களா?"

"ஆமாம்மா."

"கிட்ட வாங்க. ஜூவுல பாக்குற மாதிரி பாருங்க. வேர்க்கடலை கொண்டாந்தீங்களா?"

தேஜஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

"ஏம்ப்பா, அவ வேலையே எல்லாத்தையும் கீழ போடுறதுதானே? ஊரு உலகத்துப் பொருளெல்லாம் போடுறா. என்னை மட்டும் விழ வுட மாட்டேங்குறா." அவர் குரல் அங்கேயே கொஞ்சம் தேய்ந்தது. "தெருக்கோடில கிரவுண்டு இருக்கு. சாயந்தரம் பொண்ணுங்க ஓடும். நான் போய் பெஞ்சுல உக்காந்து விசில் ஊதுவேன். யாரும் ஊதச் சொல்லல. ஆனா நான் ஊதுனா அதுங்க இன்னும் கொஞ்சம் வேகமா ஓடும். இப்ப இங்க உக்காந்து ஊதுறேன். பூனைகூடத் திரும்பிப் பாக்கல."

பூனையின் பெயர் அம்பயர்.

அக்கா வந்து பூட்டைத் திறந்தார். வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரம் நின்றது. எங்கள் பக்கம் பம்பளிமாஸ் என்போம், பெங்களூரில் சக்கோத்தா. குழந்தையின் தலை அளவுக்குப் பச்சைப் பழங்கள் கிளைகளை வளைத்துத் தொங்கின. பூத்து முடிந்த மரத்தின் வாசனை இன்னும் காற்றில் மிச்சம் இருந்தது. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது உச்சிக் கிளையிலிருந்து ஒரு பழம் கழன்று, ஓட்டு விளிம்பைத் தாண்டி, சிமெண்ட் தரையில் தொம்மென்று விழுந்தது. உருண்டு ரத்தினம்மாளின் காலருகே வந்து நின்றது.

"பாத்தியா?" என்றார் ரத்தினம்மாள். "இது வூட்டு மேல இருந்து விழுது. இதுக்கு யாரும் பூட்டுப் போடல."

அக்கா குனிந்து பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. திங்கள்கிழமை அவர் பையில் அந்தப் பழம் இருந்தது.

அதை மேடையின் முழு உயரத்துக்கும் ஏற்றினோம். "விடுறேன்" என்றார் அக்கா, மெதுவாக, பழத்துக்குச் சொல்வதுபோல்.

திரையில் அது வர வெகுநேரம் ஆயிற்று. தரையைத் தொட்டபோதும் அவசரப்படவில்லை. தூங்குகிறவரின் கன்னம் தலையணையில் அமுங்குவதுபோல் அடிப்பாகம் அகலமாயிற்று. அந்த அமுக்கம் ஓர் அலையாகக் காம்பு வரை ஏறிப் போய்த் திரும்பி இறங்கியது. தோல் முழுவதும் ஒருமுறை சிலிர்த்தது. பிறகு பழம், நினைவு வந்ததுபோல் மறுபடி உருண்டையாகி, தரையை விட்டு எழும்பிக் கொஞ்சநேரம் காற்றிலேயே நின்றது. அதை எத்தனை தடவை பார்த்தோம் என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு மணி முடிந்து மற்றவர்கள் உள்ளே வந்தபோது, தண்ணீருக்கடியிலிருந்து மேலே வந்தவர்கள்போல் விழித்தோம்.

நான் தோலை நீளவாக்கில் வெட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெளியே எண்ணெய்ப் பைகள் நெருங்கிய இறுக்கமான பச்சைத் தோல். அதற்கடியில் இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளைப் பஞ்சு. அது ஒரே சீராக இல்லை. தோலுக்கருகே துளைகள் நுணுக்கம், நடுவில் பெரிசு, சுளைக்கருகே போகப் போக மறுபடி நுணுக்கம். எங்கேயும் ஒரு கோடு போட்டு, இதுவரை இது, இதற்குமேல் அது என்று பிரிக்க முடியவில்லை. அதற்குள் கிளை கிளையாக நார்கள் ஓடின.

அக்கா தன் பையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். கையில் தோல் துண்டு. இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள்போல் இருந்தன. ஒன்று காற்று கூடிப்போய்ப் பலம் குறைந்த எலும்பு. மற்றொன்று காற்றை வைத்தே பழத்தைக் காப்பாற்றுகிற தோல்.

"எலும்புக்குள்ள நம்மால ஒண்ணும் செய்ய முடியாது தம்பி," என்றார். "வெளிய செய்யலாம் இல்ல?"

இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொள்வது புதிதல்ல. கடைகளில் விற்கிறார்கள் என்று தேஜஸ் போனில் தேடிக் காட்டினான். அக்கா தலையாட்டினார். "இருக்கட்டும். மம்மிக்கு நான்தான் செய்யணும். கேட்டைத் திறந்து வெளிய விட்டா, போடுறது நான்தானே?"

மேலாளரிடம் கேட்டுவிட்டுக் கழிவு ஃபோம் துண்டுகளை எடுத்துக்கொண்டோம். கெட்டி, மிருது, நடுத்தரம் என்று வகை வகையாக அங்கே குவிந்து கிடக்கும். தோலில் பார்த்த வரிசையில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினோம். மணல் மூட்டைக்குள் அதிர்வை அளக்கும் கருவியைப் புதைத்து, மேலே பட்டையைக் கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போட்டோம். நேராக விழுந்தால் நன்றாக வாங்கியது. சாய்ந்து விழுந்தால் பசை பிய்ந்து, அடுக்குகள் சீட்டுக்கட்டுபோல் சரிந்தன. மனிதர் யாரும் நேராக விழுவதில்லை. ஒரு நாள் பஸ்ஸில், சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபோது, அந்த நார்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அவை எந்த அடுக்கிலும் நிற்காமல் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போயின. மறுநாள் கோணி ஊசியும் நைலான் நூலும் வாங்கிப்போய் அடுக்குகளை ஊடுருவித் தைத்தேன். சாய்ந்து விழுந்தும் பிரியவில்லை. கருவி காட்டிய அடி பாதிக்கும் கீழே இறங்கியது. தேஜஸ் என்னைத் தூக்கிச் சுற்றினான். "குரு! நீ இன்ஜினீயர்னு இவத்துதான் நம்பிக்கை வந்துச்சு!"

நாங்கள் பேக்கிங் ஆட்கள். ஒரு பொருள் உடையக் கூடாது என்றால் இன்னும் ஒரு அடுக்கு போடுவோம். அக்கா பயத்தில் அதற்குமேலும் ஒன்று போட்டார். கடைசியில் இரண்டு பக்கமும் தலையணை அளவுக்கு வீங்கிய ஒரு பட்டை தயாராயிற்று.

ரத்தினம்மாள் அதைப் புடவைக்கு மேல் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாராம்.

"டோரி, என்னை எந்த ஊருக்கும்மா அனுப்புற? 'இந்தப் பக்கம் மேலே'ன்னு அம்புக்குறி போட மறந்துட்டியே."

இருந்தாலும் மகளுக்காகக் கட்டிக்கொண்டார் என்று அக்கா சந்தோஷமாக வந்து சொன்னார். ஆனால் கேட்டை இன்னும் பூட்டிக்கொண்டுதான் இருந்தார். கொஞ்ச நாள் பார்க்கலாம், பிறகு திறக்கலாம் என்றார்.

அடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் போனபோது ரத்தினம்மாள் மரத்தடியில் நாற்காலியில் இருந்தார். இடுப்பில் ஒன்றும் இல்லை. பட்டை வராந்தா மூலையில் கிடந்தது. அதன்மேல், ஒரு பக்கத்து வீக்கத்தில் தலையும் மறுபக்கத்து வீக்கத்தில் வாலுமாக, அம்பயர் தூங்கிக்கொண்டிருந்தது.

சமையலறையிலிருந்து வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"நான் பாக்கும்போது மட்டும்தான் கட்டிக்கிறீங்களா மம்மி?"

"நீ பாக்காதப்ப அம்பயர் கட்டிக்கிறான்."

"நாங்க மூணு பேரு எவ்ளோ நாளா செஞ்சது தெரியுமா? விளையாட்டா உங்களுக்கு?"

ரத்தினம்மாள் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"டோரி, ஒண்ணு கேக்குறேன். உன் பொட்டி எல்லாம் போய்ச் சேர்ந்ததும், வாங்குனவங்க அந்த ஃபோமை என்னா பண்ணுவாங்க?"

"தூக்கிப் போடுவாங்க."

"ஆங். நான் எப்பவோ வந்து சேர்ந்துட்டேன்மா. இது என் வூடு, அது என் தெரு. நான் வழியில இருக்கிற சாமான் இல்ல."

தேஜஸ்கூடத் தமிழ் முழுதும் புரிந்துவிட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே, ஒரு சக்கோத்தாவை எடுத்துக் கத்தியால் கீறி உரிக்க உட்கார்ந்தார். உரிக்க வரவில்லை. பச்சைத் தோல் கிழிந்தது; வெள்ளைப் பஞ்சு சுளையை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்தார். நார்கள் பஞ்சிலிருந்து புறப்பட்டுச் சுளைகளுக்குள்ளேயே போயிருந்தன.

அப்போதுதான் எங்கள் தவறு எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் அதே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். கத்தியைக் கீழே வைத்தார். நாங்கள் பழத்தைப் பார்த்தே செய்தோம், ஆனால் பெட்டி செய்கிறவர்களாகவே செய்தோம். எங்கள் கையிலிருந்து போவதெல்லாம் ஒருநாள் கிழித்து எறியப்படுவதற்காகவே செய்யப்பட்டது. இந்தத் தோலோ வெளியிலிருந்து யாரும் சுற்றியது அல்ல. பூவிலிருந்து பழத்தோடு கூடவே வளர்ந்தது. பழம் அதைக் கட்டிக்கொள்வதும் இல்லை, கழற்றி வைப்பதும் இல்லை.

"மம்மி," என்றார் அக்கா, "உங்க பாவாடை ஒண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்களேன்."

அடுத்த வாரங்களில் பட்டை மெலிந்தது. பயத்துக்காகப் போட்டிருந்த அடுக்குகளை எல்லாம் அக்கா தானே எடுத்தார். மணல் மூட்டை எதுவரை பொறுக்கும் என்று பார்த்துப் பார்த்து எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு வில்லைகள் மிஞ்சின. ஓரங்களில் மெலிந்து, நடுவில் தடித்து, சக்கோத்தாவிலிருந்து அரிந்த துண்டுபோலவே இருந்தன. அவற்றைப் பாவாடையின் இரண்டு பக்கமும், எலும்பு வெளியே தள்ளும் இடத்தில், துணிக்கும் உள்துணிக்கும் நடுவே வைத்துத் தைத்தார். புடவைக் கொசுவம் அதை மூடிவிடும். ரத்தினம்மாளிடம் இருந்த எல்லாப் பாவாடையிலும் தைத்தார். எதைக் கட்டினாலும் அது இருக்கும்.

ஆனால் ரத்தினம்மாள் பி.டி. டீச்சர்.

"மணல் மூட்டை பொறுத்துக்கிச்சுன்னா நான் நம்பணுமா? மூட்டைக்கு வலிக்குமா? நீ கட்டிக்கினு விழு. நீ விழுந்து எழுந்தா நான் கட்டிக்கிறேன். நான் கட்டிக்கிட்டா நீ கேட்டைத் திற. பூட்டு இனிமே கிடையாது. சரியா?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மழை விட்டு, மரத்திலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் மஞ்சளாகத் தரையில் படுத்திருந்தது. டோரதி அக்கா சுடிதாருக்குமேல் அம்மாவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். தேஜஸ் தன் பைக் ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டிவிட்டான். நான் இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. லட்சுமம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஏன்றீ இது, சர்க்கஸா?" என்றார்.

"கையை நீட்டாத. நீட்டுனா என்ன மாதிரி மணிக்கட்டு போகும்," என்றார் ரத்தினம்மாள். "மார்ல மடக்கிக்கோ. பக்கவாட்டுல சாயி."

விசில் ஊதினார். அக்கா சாய்ந்தார், கால் தானாக முன்னே போய்த் தாங்கிக்கொண்டது. மறுபடி விசில். மறுபடி கால். ஆயிரமாயிரம் பெட்டிகளைப் போட்ட மனுஷி, தன்னை ஒருமுறை போட முடியாமல் தவித்தார்.

"பொட்டிக்குக் காலு இல்ல மம்மி!" அவர் முகம் சிவந்துவிட்டது. "என்னால முடியல. அப்பவும் முடியல, இப்பவும் முடியல."

ரத்தினம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தார். மெதுவாக நடந்து மகளருகே போனார். ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டார்.

"அன்னிக்கு உன்னை ஸ்கோர் எழுத அனுப்பிட்டேன். அனுப்பியிருக்கக் கூடாது. இன்னும் ஒரு தடவை ஊதியிருக்கணும்." இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். "ஆபீஸ்ல போடும்போது என்னா சொல்லுவீங்க?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். விசில் சத்தம் மெல்லியதாக, நீளமாக வந்தது.

"விடுறேன்," என்றார் டோரதி அக்கா. விழுந்தார்.

சத்தம் சக்கோத்தா விழுகிற அதே சத்தம்தான். நாங்கள் ஓடினோம். அவர் ஈரத் தரையில் படுத்தபடியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருங்க. எழுப்பாதீங்க. கொஞ்சநேரம் இப்படியே இருக்கேன்," என்றார். மரத்திலிருந்து ஒரு சொட்டு ஹெல்மெட்டில் விழுந்தது. பிறகு தானே எழுந்து, யாரையும் வர விடாமல் அறைக்குள் போய், பாவாடை நாடாவை அவிழ்த்துத் தன் இடுப்பைத் தானே பார்த்துவிட்டு வந்தார். "லேசா சிவந்திருக்கு. அவ்ளோதான்."

தேஜஸ் போனில் எடுத்ததை மெதுவாக ஓட்டினான். ஐந்து பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். லட்சுமம்மாவும் மதிலைச் சுற்றி வந்துவிட்டிருந்தார். பாவாடை பூவைப்போல் விரிய, அக்கா காற்றில் சாய்ந்து வந்துகொண்டே இருந்தார். முகத்தில் பயம் இல்லை. தூக்கத்தில் கனவு காண்கிற குழந்தையின் முகம். இடுப்பு தரையைத் தொட்டது. துணி ஓர் அலையாக நடுங்கி அடங்கியது. உடம்பு, நினைவு வந்ததுபோல், லேசாக எழும்பி மறுபடி படுத்தது.

"இன்னொரு தடவ போடு," என்றார் ரத்தினம்மாள். பார்த்தார். "இன்னொரு தடவ."

பிறகு உள்ளே போய்ப் பாவாடையை மாற்றிக்கொண்டு வந்து கேட் முன் நின்றார். அக்கா திறந்தார். கிழவி தெருவில் இறங்கி நடந்தார். அக்கா இரண்டடி பின்னால், கைகளை முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று கோத்துப் பிடித்துக்கொண்டு போனார். விட்டால் அவை நீண்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். கிரவுண்டுப் பக்கமிருந்து விசில் கேட்டபோது நாங்கள் இன்னும் மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

ரத்தினம்மாள் பிறகு ஒருமுறை விழுந்தார். மழை பெய்த மறுநாள், கிரவுண்டின் படியில். பெண்கள் சேர்ந்து தூக்கிவிட்டிருக்கிறார்கள். சேதி கேட்டு அக்கா பொம்மசந்திராவிலிருந்து ஆட்டோவில் போனார். மருத்துவமனையில் நர்ஸை விலகச் சொல்லிவிட்டு, அம்மாவின் பாவாடையைத் தன் கையாலேயே தளர்த்திப் பார்த்தார். தட்டு அளவுக்குக் கருநீலக் காயம். எலும்பு முறியவில்லை. அந்த வில்லையால் தப்பித்தாரா, விழுந்த விதத்தால் தப்பித்தாரா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எங்களாலும் முடியாது; அந்த விழுதலை யாரும் படம் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்று அக்கா பூட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் வாசலில் நின்றாராம். பிறகு கேட்டில் மாட்டாமல், எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டாராம்.

டோரதி அக்கா இன்றும் எங்கள் சோதனைக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறார். காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டைச் சாத்திவிட்டு வருகிறார், பூட்டுவதில்லை. லட்சுமம்மாவும் அவருடைய தங்கையும் இப்போது அதே மாதிரிப் பாவாடை கட்டுகிறார்கள். ரத்தினம்மாள் சாயங்காலம் கிரவுண்டுக்குப் போகிறார்.